சாலட்டின் அடியில் நின்ற எண்ணெய்

"சாலட்டுக்கு பாட்டில் டிரெஸ்ஸிங் ஊத்திக்கச் சொல்றவனுக்கா என் பொண்ணைக் கொடுக்கணும்?"

அர்கிரோவின் அப்பா மனூசோஸ் சமையலறையில்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரல் முற்றத்தில் காத்திருந்த யாசோனுக்கும் கேட்டிருக்கும். அர்கிரோ ஜன்னல் வழியாக அவனை எட்டிப் பார்த்தாள். அவன் ஏதென்ஸிலிருந்து கப்பலேறி, கிரீட் தீவின் இந்த மலைக் கிராமத்துக்குப் பெண் கேட்டு வந்திருக்கிறான். அப்பா தலையசைக்காவிட்டால் கல்யாணப் பேச்சே கிடையாது.

யாசோன் உணவியல் நிபுணன். போன மாதம் டிவியில் அவன் சமையல் எண்ணெய்களை ஒப்பிட்டுப் பேசியதை அப்பா பாதியிலேயே அணைத்துவிட்டார். அதுதான் வினை.

சாப்பாட்டு மேஜையில் அவரே ஆரம்பித்தார். ஆலிவ் எண்ணெய் குண்டாக்கும் என்றாயாமே என்று கேட்டார்.

யாசோன் பதறவில்லை. ஆலிவோ, சூரியகாந்தியோ, சோளமோ, ஒரு கரண்டி எண்ணெயில் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான் என்றான். கடையில் விற்கிற லைட் டிரெஸ்ஸிங்கில் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது என்றான்.

அம்மா எர்கினா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்போ அதுதான் ஒசத்தி, இல்லையா தம்பி?" என்றார் மனூசோஸ்.

"எப்படிங்க ஒசத்தி? கொழுப்பை எடுத்துட்டு தண்ணி, சர்க்கரை, உப்புன்னு ரொப்பி வைக்கிறான். ஆலிவ்ல இருக்கிறது இதயத்துக்கு நல்ல கொழுப்பு. அதைச் சொல்றதுக்குள்ள நீங்கதான் டிவியை அணைச்சுட்டீங்க."

மனூசோஸ் வாய்விட்டுச் சிரித்தார். யாசோன் ரொட்டியைப் பிய்த்து, சாலட் கிண்ணத்தின் அடியில் தக்காளிச் சாறோடு நின்ற எண்ணெயில் தோய்த்தான். அவன் படிப்பை விட இதுதான் அவருக்குப் பிடித்தது.

"நல்லாத் தொட்டுச் சாப்பிடுங்க, மாப்பிள்ளை."

அந்த ஒரு சொல்லில் அர்கிரோவின் கண் நிறைந்துவிட்டது. அம்மா விருந்துக்கென்று வைத்திருந்த ராக்கி சாராயப் பாட்டிலை எடுக்க எழுந்தாள்.

யாசோன் மெல்லுவதை நிறுத்தினான். அவன் முகம் மலர்ந்தது. "இந்த எண்ணெய் எனக்குத் தெரியுமே. தொண்டையில மிளகு மாதிரி ஒரு காரம். சின்ன வயசுலேர்ந்து இதைத்தான் சாப்பிடறேன். எங்க நோனோ வருஷா வருஷம் ஒரு டின் அனுப்புவார்."

நோனோ என்றால் ஞானத்தந்தை. அவனுடைய நோனோவைப் பற்றி அர்கிரோ எத்தனையோ கதை கேட்டிருக்கிறாள். பெயரைக் கேட்கத் தோன்றியதில்லை. நோனோவை யார் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள்?

"அவர் பேரு?" என்றார் மனூசோஸ். குரலில் சிரிப்பு இல்லை.

"சிஃபிஸ். அப்பாகூடக் கப்பல்ல வேலை பார்த்தவர். நான் பொறந்தப்போ எண்ணெய் தடவி எனக்கு ஞானஸ்நானம் செஞ்சு வச்சது அவர்தான். ஏன், உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

எர்கினா நின்ற இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். அர்கிரோ அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இந்த எண்ணெய் அவர் தோப்புலேர்ந்து வந்ததுதான். இவளுக்கும் அவர்தான் நோனோ. ஒரே கை எண்ணெய் தடவின பிள்ளைங்க... நீ இவளுக்கு அண்ணன் முறைப்பா."