கங்காணியின் பன்னிரண்டு தப்புகள்

"இன்னொரு தடவ தப்புன்னு அமுக்குனீங்க, சாயங்காலம் டீ கூட கிடையாதுலா!"

மனைவி வேலம்மா போட்ட சத்தம் ஆண்டியப்பன் காதில் ஏறவே இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஹேண்ட்போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கங்காணியாக இருந்தவர். கூடையில் ஒரே ஒரு முத்தின இலை கிடந்தாலும் மொத்தத்தையும் கீழே கொட்டிப் பொறுக்கச் சொல்வார். மனுஷன் ரிட்டயர் ஆகிவிட்டார், அந்தப் புத்தி ஆகவில்லை.

"பின்னே என்னா? கொழுந்தோட நாலு முத்தின இலையும் சேத்துப் பறிக்கணும்னு இது சொல்லுது. ரெண்டு இலை ஒரு கொழுந்துன்னு நம்ம லைன்ல பால் குடிக்கிற புள்ளைக்குக் கூடத் தெரியும்."

"தெரிஞ்சா மனசோட வெச்சுக்குங்க. சசிரேகா பாஸாகணுமா, வேணாமா?"

சசிரேகா தோட்டத்து வரிசை வீடுகளான இதே லைனில் பிறந்து வளர்ந்த பெண். கோலாலம்பூரில் டாக்டர் பட்டத்துக்குக் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்கிறாள். தோட்டத்து ஆட்களுக்குத் தமிழில் பதில் சொல்லும் ஏஐ செயலி ஒன்றைத் தயார் செய்து, போன வாரம் பதினெட்டு வீட்டு ஹேண்ட்போனிலும் போட்டுக் கொடுத்திருந்தாள். மொத்தம் நாற்பது பதில்கள். படித்துப் பார்த்து, சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு.

"உங்களையெல்லாம் நம்பித்தான் இருக்கேன் அத்தை. இது நல்லபடியா வரலேன்னா அடுத்த மாசத்தோட ஸ்காலர்ஷிப்பை நிறுத்திருவாங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேலம்மாவுக்கு அது போதாதா? அன்றைக்கே வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"நம்ம லைன்லேருந்து மொத டாக்டர் வரப்போறா. படிக்க வேணாம், யோசிக்க வேணாம். எல்லாரும் பச்சையை அமுக்குங்க!"

பதினேழு வீடு அமுக்கியது. அவள் பேச்சு எடுபடாதது அவள் வீட்டில் மட்டும்தான்.

"இதைக் கேளு," என்றார் ஆண்டியப்பன். "பிரிஞ்சாங்லேருந்து திரிங்காப் போறதுன்னா கோலா தெர்லாவைத் தாண்டிப் போகணுமாம். நான் எத்தனை வருஷம் மோட்டார் ஓட்டுன ரோடு! திரிங்காப்பைத் தாண்டித்தான கோலா தெர்லா?"

சிவப்பு.

"பாவம், சின்னப் பொண்ணு. ஒரு ஊரு முன்னப்பின்ன இருந்தா என்ன, மலையா சரிஞ்சிரும்?"

"மழையில நனைஞ்ச கொழுந்தை மூட்டை கட்டி ரெண்டு நாள் வெச்சா வாசம் கூடுமாம். கூடும் கூடும். துரை மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவாரு."

மறுபடியும் சிவப்பு.

நாற்பதும் முடிந்தபோது பன்னிரண்டு தப்பு. வேலம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அவ அம்மா மலரு பிரிஞ்சாங் ஹோட்டல்ல பெட்ஷீட் துவைச்சுப் படிக்க வெச்சா. அந்தப் புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போடுறீங்களே, நல்லாருக்கா?"

"தப்பைச் சரின்னு சொல்ல எனக்கு வராது வேலம்மா," என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

குளியலறைக் கதவு சாத்தியதுதான் தாமதம். வேலம்மா ஹேண்ட்போனை எடுத்து, சாமி படத்து மாரியம்மனிடம் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, பன்னிரண்டு சிவப்பையும் பச்சையாக்கினாள். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை சசிரேகா வந்தாள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து பார்த்தவளின் முகம் சுருங்கிப்போனது.

"பதினெட்டு வீட்டுலயும் நாப்பதுக்கு நாப்பது சரின்னு வந்திருக்கே, அத்தை!"

"பின்னே? நம்ம லைன்னா சும்மாவா!" வேலம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆண்டியப்பன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் அவசர அவசரமாக அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சசிரேகா ஏதேதோ தட்டி, பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நின்றாள். போன உயிர் திரும்பி வந்ததுபோல் பெருமூச்சு விட்டாள்.

"நல்லவேளை, யாரு எப்ப எதை அமுக்குனாலும் இதுல பதிவாயிரும். மாமா, நீங்க ஒருத்தராலதான் நான் பொழைச்சேன்!"

"நானா?" என்றார் அவர்.

"அந்த நாப்பதுல பன்னெண்டை நான்தான் வேணும்னே தப்பா வெச்சேன். ஏஐ பொய் சொன்னா நம்ம ஜனங்க கண்டுபிடிக்கிறாங்களாங்கிறதுதான் என் ஆராய்ச்சியே! நீங்க பன்னெண்டையும் பிடிச்சிருக்கீங்க. ஆனா நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு அத்தனையையும் பச்சையாக்குனது யாரு?"

ஆண்டியப்பன் காலி டீ கிளாஸை வேலம்மா பக்கம் மெதுவாக நகர்த்தினார்.