வசவுக்கு நானூறு

ரசிகர்கள் மைதானத்துக்கு வந்து மனதாரத் திட்டும் ஒரு வசவுக்கு வியாசர்பாடி கால்பந்துக் கழகம் தர முன்வந்த விலை நானூறு ரூபாய். இருபது ஆட்டங்களாகத் தோல்வி. வெறும் நாற்காலிகளில் பொருத்திய ஒலிபெருக்கிகளே கைதட்டும் மைதானம். வரும் ஞாயிறு நாற்பது ரசிகர்களாவது வராவிட்டால் கழகத்துக்குப் பூட்டு. அதனால் செயலாளர் எபினேசர், பழைய ரசிகை பிலோமினாவைத் தேடிக் காசிமேட்டு மீன்கடைக்கே வந்துவிட்டார்.

“ஐந்நூறா வெச்சுக்கலாம்க்கா.”

“துட்டு வாங்கினு திட்ட நான் இன்னா கூலிக்காரியா? எங்க பசங்கள ஓசிலதான் திட்டுவேன். நான் தொண்ட கிழியக் கத்துனா ஒன் நாற்காலி கைதட்டுது. ஒருத்தன் காதுலயாவது வுழுந்துச்சா? அத்தாலதான் வர்றத வுட்டேன். மொதல்ல அத்த நிறுத்து.”

எபினேசர் நிறுத்தினார். ஞாயிறன்று பிலோமினா மீன் மார்க்கெட்டையே கிளப்பிக்கொண்டு வந்தாள். மூன்றாவது கோல் விழுந்ததும் எழுந்து நின்றாள்.

“டேய் ஜோயலு! பந்தப் பாத்து ஏன்டா மாமியாரப் பாத்தாப்ல ஒதுங்குற?”

கோல்கீப்பர் ஜோயல் திரும்பினான். “அடுத்த வாரம் பாருக்கா, நம்ம பசங்க ஒண்ணாவது போடுவாங்க!”

மைதானமே சிரித்தது. எபினேசர் குறிப்பேட்டைத் திறந்தார்.

வாங்கிய கோல் மூன்று, போட்டது பூஜ்யம். ரசிகர்கள் நாற்பத்தொன்று. வசவுகள் எண்ணி மாளவில்லை, அத்தனையும் இலவசம். பாக்கி: பிலோமினாவுக்கு ஒரு கோல்.