மூன்று நிறை, ஒரு குறை

"எழுதியாச்சு, ஒட்டியும் ஆச்சு. நீங்க பிரிச்சுப் பாக்கக் கூடாது, அண்ணாச்சி" என்று வாசலில் நின்றபடி உறையை நீட்டினான் பிரம்மநாயகம்.

நாகூர் மீரான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாங்கினார். தாராவி இளைஞர் மன்றத்தைப் பதினான்கு வருஷமாகக் கட்டி மேய்க்கிறவர் அவர். மில் வேலை பார்க்கும் பிரம்மநாயகம் மன்றத்தின் செயலாளர். போன வாரம் கேரம் ஆட்டத்தில் இவனும் மன்றத்துப் பையன் பூலோகமும் சட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டார்கள். மன்றத்துக்குள் கை நீட்டினால் எட்டு நாள் பூட்டு என்பது மீரான் போட்ட சட்டம். பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டவர்தான், அதற்குப் பிறகு அந்தச் சந்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

"கையில என்னலே வெள்ளையா?"

பிரம்மநாயகம் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டான். "மூஞ்சிக்குப் போட்ட பவுடர், அண்ணாச்சி."

"மன்றம் பூட்டிக் கெடக்கு, இவருக்கு அலங்காரம் கேக்குது!"

அவன் நடையைக் கட்டினான்.

மீரானுக்கு எரிச்சலாக வந்தது. செம்பூர்ப் பக்கம் ஒரு சமூக சேவைக் கல்லூரியில், இளைஞர்களோடு வேலை பார்த்துப் பழகியவர்களுக்கென்றே இரண்டு வருஷ மேற்படிப்பு வந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் சில பையன்களை ஏன் தன்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை என்று படித்துத் தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை. வேலைக்கு நடுவே தட்டுத்தடுமாறி பி.ஏ. முடித்ததே இதற்காகத்தான். முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் சேர்க்கமாட்டார்கள். அவருக்கு அடுத்த மாசம் தாண்டுகிறது. இப்போது விட்டால் விட்டதுதான்.

நேர்முகத்துக்கு வரும்போது, 'நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்களோ அவர்கள் எழுதிய கடிதம் ஒன்று, ஒட்டிய உறையில்' என்று கேட்டிருந்தார்கள். நேரம் பார்த்துத்தானா இந்தச் சண்டை வரவேண்டும்!

உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். 1, 2, 3 என்று எண்கள் தெரிந்தன. அதற்குக் கீழே நீளமாக என்னவோ இருந்தது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, என்ன ஆச்சு?" என்றாள் மனைவி சுலைகா.

"மூணு போட்டிருக்கான், சுலைகா. ஒருத்தன் மேல குறை எழுதணும்னா, முதல்ல அவன்கிட்ட உள்ள மூணு நிறையை எழுதணும். அதுவும் நான் போட்ட சட்டம்தான். அப்ப கீழ இருக்கது குறை! அடுப்புல இட்லிப் பானை இருக்குல்லா? ஆவியில காட்டினா கோந்து விட்டுரும். ஒரு பார்வை பாத்துட்டு ஒட்டிருவோம்."

சுலைகா வெடுக்கென்று உறையைப் பிடுங்கிக்கொண்டாள். "நல்லா இருக்கே நியாயம்! அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லுவீங்க? பேசாம சட்டையப் போட்டுக்கிட்டுக் கெளம்புங்க."

அவள் முகத்தில் சிரிப்பு வேறு. மனுஷன் பாடு இவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நொந்துகொண்டே அவர் பஸ் ஏறினார்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் பேராசிரியை மீனாட்சியம்மாள், மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்க்காரர். உறையை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு முதலில் கேள்வியைப் போட்டார்.

"இங்கே காலம்பர வகுப்பு, சாயங்காலம் களப்பணி. ரெண்டு வருஷமும் உங்க மன்றத்தை யார் பாத்துப்பா?"

மீரானுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "அதுதான் எனக்கும் தெரியல, மேடம். நான் இல்லேன்னா அங்க ஒரு நாள்கூட நடக்காது. இப்பகூட ஒரு சண்டை. எட்டு நாளா பூட்டித்தான் கெடக்கு."

மற்ற இருவருக்கும் அதை அவர் இங்கிலீஷில் சொன்னதும், மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன வருஷமும் ரெண்டு பேர் சேர்ந்துட்டு, அங்கே பாத்துக்க ஆள் இல்லேன்னு பாதியிலே போயிட்டா. ரெண்டு இடமும் வீணாப் போச்சு. அதனாலே..." மீனாட்சியம்மாள் வாக்கியத்தை முடிக்காமல் உறையைக் கிழித்தார்.

அவ்வளவுதான் என்று மீரான் முடிவு கட்டிவிட்டார். நிஜத்தைச் சொல்லிப் பாதி கெட்டது, மிச்சத்தைப் பிரம்மநாயகம் பார்த்துக்கொள்வான்!

கடிதத்தைப் படிக்கப் படிக்க மீனாட்சியம்மாளின் உதடு துடித்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம் இங்கிலீஷில் மெல்ல என்னவோ சொன்னார். அவர்கள் வாய்விட்டே சிரித்துவிட்டார்கள்.

"ஜூன் மாசம் வந்து சேருங்கோ, மிஸ்டர் மீரான். உங்களுக்கு இடம் உண்டு."

மீரானுக்குச் சந்தோஷத்தில் எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை. "அப்ப... குறை ஒண்ணும் எழுதலையா, மேடம்?"

"எழுதாம என்ன? நீங்களே படிச்சுப் பாருங்கோ."

மீரான் படித்தார்.

'1. வந்தவனைவிட வராதவனைத் தேடிப் போவார். 2. யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. 3. கேரத்தில் தோற்றால் தோற்றேன் என்பார்.

குறை: தான் இல்லாமல் மன்றம் நடக்காது என்று நினைக்கிறார். அந்தக் கவலையில் படிக்க வராமல் இருந்துவிடுவாரோ என்றுதான் நானும் பூலோகமும் பொய்ச்சண்டை போட்டு மன்றத்தைப் பூட்ட வைத்தோம். அவர் எட்டிப் பார்க்காத அந்த எட்டு நாளும் மன்றம் ஒரு நாள் தவறாமல் நடந்தது, பவுடர் தூவிக் கேரம் போட்டிகூட நடத்தி முடித்துவிட்டோம். மாற்றுச்சாவி தந்தது சுலைகா மைனி.'