தூசு தட்டிய கச்சேரி

"அண்ணே, அவன் இன்னும் போகல. இடுப்புல கவ்வாத்துக் கத்தி வேற இருக்கு!"

தேத்தண்ணிக் கடை நல்லமுத்து இதைச் சொல்லிவிட்டு, கொண்டுவந்த பிளேன்டீயை நீட்டினான். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாட்டுப் பதிவுக் கடை வைத்திருக்கும் அழகுமுத்துவுக்கு அதை வாங்கக் கை வரவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பொன்னையா மழையில் நனைந்தபடி நின்றான். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். வேலை முடிந்து நேரே வந்தவன், உள்ளேயும் வராமல் வீட்டுக்கும் போகாமல் கடையையே வெறித்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் பயம் வராது?

"அவனுக்கு என்னா செஞ்சீங்க?"

"நான் என்னத்தடா செஞ்சேன்? ஒரு பெட்டி வித்தேன், அவ்வளவுதான்."

எழுபத்தாறில் இங்கிலாந்து ராக் கோஷ்டி ஒன்று கொழும்புக்கு வந்து திறந்தவெளியில் கச்சேரி செய்தது. அந்த ஒரே கச்சேரியை முதலில் இசைத்தட்டாக விற்றார்கள், அப்புறம் கசெட், அப்புறம் சீடி. இப்போது இருபத்தைந்து வருஷம் ஆயிற்றாம். வழுவழுவென்று ஒரு புத்தகமும் நாலு படமும் சேர்த்து, ஆனை விலை குதிரை விலைக்கு ஒரு பெட்டி. அழகுமுத்து அந்தக் கோஷ்டிக்குப் பைத்தியம், எல்லாவற்றையும் வாங்கினவன்.

"பிரிச்சுக் கேட்ட அன்னைக்கு எனக்கே லண்டன்காரன வெட்டணும் போல இருந்துச்சு நல்லமுத்து. புதுசா ஒரு பாட்டு இல்ல! இருந்ததையே தூசு தட்டிக் குடுத்திருக்கான். நம்ம தலையில மொளகா அரைக்கிறானுங்க."

"அது தெரிஞ்சும் எதுக்கு அவன் தலையில கட்டினீங்க?"

இரண்டு பெட்டி எடுத்தால் விலையில் கொஞ்சம் தள்ளிக் கொடுப்பார்கள் என்று கூட ஒன்றை வரவழைத்துவிட்டு, அதை யார் தலையில் கட்டுவது என்று முழித்துக்கொண்டிருந்தவன் அழகுமுத்து.

அந்த நேரம் பார்த்துத்தான் பொன்னையா ஒரு பழைய கசெட்டைக் கொண்டுவந்தான். அதே கச்சேரி, ஆனால் கடையில் விற்றதல்ல, கூட்டத்தில் நின்று யாரோ ரெக்கோடரில் பிடித்தது. "பாட்டு முடிஞ்சு கைதட்டுற எடத்துல சத்தம் மங்கிப்போச்சு மொதலாளி. அங்க மட்டும் கொஞ்சம் தெளிவாக்கிக் குடுங்க," என்றான். அழகுமுத்து விடுவானா? அதே கச்சேரி பெட்டியில் பளிங்கு மாதிரி கேட்கும் என்று பேசிப் பேசியே ஆளைக் கவிழ்த்தான். பொண்டாட்டியின் தோடு அடகுக்குப் போனது, பெட்டி அவன் குடியிருந்த லயத்துக்குப் போனது.

பொன்னையா வீட்டில் சீடி போட்டுக் கேட்க வழியில்லை. அதனால் அழகுமுத்து அதை ஒரு கசெட்டில் பதிந்தும் கொடுத்தான், கூலி வாங்காமல். வாடிக்கைக்காரர் கொண்டுவருகிற கசெட்டிலேயே பதிவது கடை வழக்கம். அழிந்துவிடாமல் இருக்கப் பொன்னையா கசெட்டின் முனையை உடைத்து வைத்திருந்த இடத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, அந்தப் பழைய கசெட்டிலேயே பதிந்தான்.

"விலை ஒறைச்சிருக்கும்டா. ஏமாந்தது இப்பத்தான் வெளங்கியிருக்கும்," என்று அழகுமுத்து முணுமுணுத்தான். "எனக்கு வந்த அதே கோவந்தான். என்கிட்ட கத்தி இல்ல, அவன்கிட்ட இருக்கு!"

கதவு திறந்தது.

பொன்னையா சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். இடுப்பிலிருந்து கத்தியை உருவி மேசைமேல் வைத்தான். நல்லமுத்து பிளேன்டீயை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கமாக நழுவினான்.

"பொன்னையா, பேசித் தீத்துக்குவோம்பா," என்றான் அழகுமுத்து, கத்தியைப் பார்த்தபடி. "வெல அநியாயந்தான், ஒத்துக்குறேன். பெட்டியக் கொண்டாந்து குடு, அடகு வச்ச தோட்ட நானே மீட்டுத் தர்றேன். நானும் ஒன்னைய மாதிரி ஏமாந்தவன்தான!"

"வெல கெடக்கட்டும் மொதலாளி." பொன்னையா சட்டைக்குள்ளிருந்து கசெட்டை எடுத்து நீட்டினான். "கேக்கப் பயந்துக்கிட்டுத்தான் வெளியவே நின்னேன். இதுல இருந்த பழசு எங்க?"

"எந்தப் பழசு?"

"இதுக்குள்ள முந்தி இருந்தது. எடுத்து வச்சிருப்பீங்கல்ல? அத திருப்பிப் போட்டுக் குடுத்துருங்க. பெட்டிய நீங்களே வச்சுக்கங்க, காசு வேணாம்."

அப்பாடா! அழகுமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்புக்கூட வந்துவிட்டது.

"எடுத்து வைக்கிறதா? மேல பதிஞ்சா பழசு அழிஞ்சு போயிரும்பா. போனாப் போகுது, அது ஒரு குப்ப! ஒரே எரைச்சல். எவனோ ஒருத்தன் பக்கத்துலயே நின்னு யாரையோ கூப்புட்டுக் கத்திக்கிட்டே இருக்கான். பெட்டியில பாரு, கூட்டத்துச் சத்தம் பூராத்தையும் தொடச்சுட்டான். பாட்டு ஒண்ணுகூடக் கொறையல."

பொன்னையா கசெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.

"பாட்ட யாரு கேட்டா மொதலாளி? சின்னப் பயலா அந்தக் கூட்டத்துல தொலைஞ்சு போனேன், என்னையத் தேடித்தான் எங்க அண்ணே கத்துனாரு."

அழகுமுத்துவின் சிரிப்பு நின்றது. "அண்ணன் இப்ப எங்கப்பா?"

"எண்பத்திமூணு கலவரத்துல கொழும்புல எரிச்சுட்டாங்க, அவரு கொரலு அதுல மட்டுந்தாங்க இருந்துச்சு."