வெடிக்காத கரடி

லாட்ஜ் வாசலில் பெயர்ப்பலகை ஏந்தி நிற்பதற்காக மாடக்கண்ணு செய்த சிமெண்ட் குரங்கு, இரண்டாம் முறையும் வெடித்துவிட்டது. குற்றாலத்தில் சேக் மைதீன் செய்த கரடியிலோ ஒரு கீறல்கூட இல்லை. இருவருக்கும் அதே சிமெண்ட், அதே ஆற்றுமணல், அதே கம்பி.

“இன்னொருக்க வெடிச்சா வேலை அவனுக்காம். கலவையில என்னத்தையோ போடுதான்!” என்று மனைவியிடம் பொருமினான்.

“கோயிலுக்கு மண்குதிரை செஞ்சு காயவச்ச மாதிரியே இதையும் வெயில்ல வச்சா...” என்று இழுத்தாள் பூலம்மாள்.

“காயாம எப்படிட்டி இறுகும்? நீ உன் சித்தாள் வேலையப் பாரு.”

அவள் கிளம்பிவிட்டாள். மத்தியானம் மாடக்கண்ணு குற்றாலம் போய், சேக் மைதீனின் பட்டறை வேலிக்குள் எட்டிப் பார்த்தான். புதுக் கரடிக்கு ஈரச்சாக்கைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். பூலம்மாள்!

“ஏட்டி, இங்கன என்ன செய்யுத?”

“இங்கனதான் சித்தாள் வேலை. எங்கன்னு நீங்க ஒருநாளாவது கேட்டியளா?” என்றவள், குடத்தை இறக்கிவைத்தாள். “மண்ணு காஞ்சு இறுகும். சிமெண்டு தண்ணி குடிச்சுத்தான் இறுகும். நிழல்ல வச்சு, ஈரச்சாக்கு சுத்தி, ஏழு நாளு காயவிடாம தண்ணி ஊத்துங்க. வெடிக்காது.”