மாமனார் கேட்ட கணக்கு

"எப்ப வேணா எடுக்கலாம்னா, அந்தக் கணக்கு வேண்டாம்" என்றார் மாமனார்.

பக்கத்தில் மருமகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் வேலை. இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தாள். அவளுடைய சேமிப்பைப் பங்குச் சந்தையில் போடத்தான் இருவரும் அந்த முதலீட்டு அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள்.

ஆலோசகப் பெண் எரிச்சலை அடக்கிக்கொண்டாள்.

"சார், மறுபடியும் சொல்றேன். ரெண்டு கணக்குலயும் பணம் பங்குச் சந்தைக்குத்தான் போகும். முதல் கணக்குல இருந்து நினைச்சப்ப எடுத்துக்கலாம். ரெண்டாவதுல போட்டா, இவங்க ரிட்டயர் ஆகறவரைக்கும் ஒரு பைசா எடுக்க முடியாது."

"அவசரம்னா?"

"முடியாது."

"கெஞ்சினா?"

"யார் கெஞ்சினாலும் முடியாது, சார்."

"அப்போ அதுலயே போடுங்க."

என்ன மனுஷன் இவர்! மருமகள் கண்விழித்துச் சம்பாதித்த காசு. அதை அவளே தொடக்கூடாதாம்.

"மேடம், இது உங்க பணம். நீங்க சொல்லுங்க."

"மாமா சொல்றபடியே இருக்கட்டும்" என்றாள் அவள், நிமிராமல்.

அப்போது போன் அடித்தது, மாமனாரின் சட்டைப் பையில். எடுத்தார். பூப்போட்ட உறை, சந்தேகமே இல்லை, மருமகளின் போன்தான். கட் செய்து மறுபடியும் பையில் போட்டுக்கொண்டார்.

போனைக்கூடப் பிடுங்கி வைத்திருக்கிறாரே! ஆலோசகப் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாமினியா யார் பேரு? இவங்க வீட்டுக்காரரா?"

"அவன் பேரு கூடவே கூடாது."

"ஓஹோ. அப்போ உங்க பேரா?" வேண்டுமென்றே குத்தலாகத்தான் கேட்டாள்.

"எனக்கு எதுக்கும்மா? இவ தங்கச்சி பேரைப் போடுங்க."

கீபோர்டில் அவள் விரல்கள் ஒரு கணம் நின்றன.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க சார். இவங்க பணத்தை எதுக்கு இவங்ககிட்டேருந்தே பூட்டி வைக்கிறீங்க?"

"முதல்ல வேலையை முடிங்கம்மா, சொல்றேன்."

மனிதர் பிடித்த பிடியை விடுவதாக இல்லை. மருமகள் கையெழுத்துப் போட்டாள். பணம் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் திரையில் வந்தது. மாமனார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இனிமே எடுக்க முடியாதே?"

"முடியாது."

அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது. போன் மறுபடியும் அடித்தது.

"என் பையன்தான்" என்றார் ஆலோசகப் பெண்ணிடம். "காலையில பங்கை வாங்கி மத்தியானம் விக்கிறவன். என் ரிட்டயர்மென்ட் பணம் மொத்தமும் அதுல கரைஞ்சு போச்சு. வந்து நின்னு அழுவான். முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இவளுக்கும் வராது. இன்னிக்கு இவ காசைக் கேட்டுத்தான் விடாம அடிச்சுட்டிருக்கான்."

ஆலோசகப் பெண்ணுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அவர் போனை மருமகளிடம் நீட்டினார். "இந்தாம்மா. இப்ப பேசு."

அவள் வாங்கிக்கொண்டாள். "என்ன சொல்லட்டும் மாமா?"

"'உங்கப்பா ராட்சசன், எல்லாத்தையும் பூட்டிட்டார்'னு சொல்லு. திட்டறதுன்னா என்னையே திட்டட்டும்."