வேல்விழியின் தலைமுடி

சுங்குவார்சத்திரத்தில் என் ஸ்டூடியோ. தினமும் கடை திறந்ததும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை இருபத்தொரு கட்டங்களை அச்சிட்டு, அவற்றின் அடர்த்தியை மீட்டரில் அளந்து இங்க்கைச் சரிசெய்வேன். முழுக் கறுப்பு 1.60 காட்ட வேண்டும். காட்டும்.

சொர்ணம்மாள் மாதம் ஒருமுறை சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறி வருவார். மகள் வேல்விழி இந்த ஊர்க் கம்பெனி ஹாஸ்டலிலிருந்து காணாமல்போய் இரண்டு வருடம். 'காணவில்லை' நோட்டீஸ் ஐம்பது அடித்துக் கொடுப்பேன். அதே ஃபைல், அதே பேப்பர்.

போன ஆடியில் படத்திலிருந்த வேல்விழியின் தலைமுடி 1.50 காட்டியது. பொங்கலுக்கு 1.10. இன்று 0.60. கட்டங்களில் முழுக் கறுப்பு இன்றும் 1.60தான், குறையவில்லை. மெஷின்மேல் பழிபோட வழியில்லை.

"முடி வெளுத்துக்கினே போவுதும்மா. நான் கறுப்பை ஏத்திக் குடுத்துட்றேன்," என்றேன்.

அவர் நோட்டீஸை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் தலையில் ஒரு நரைகூட இல்லை.

"மாத்தாதீங்கய்யா. இப்ப இருக்க மாதிரியே இருக்கட்டும். பாக்குறவங்களுக்கு அடையாளம் தெரியண்டாமா?"

படத்தின் கீழே 'வயது 19' என்றிருந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.